பெட் போத்தல் மறுசுழற்சி – ஜொகூர்: முக்கியக் குறிப்புகள்

பொருள்

• பெட் – பாலிஎத்திலீன் டெரெப்தாலேட். பாலியெஸ்டர் குடும்பம். குறுக்க வினைப் பலபடி. இளகும் நெகிழி, உருக்கி மீண்டும் வார்க்கத்தக்கது.
• ஒருபடிகள்: எத்திலீன் கிளைக்கால், டெரெப்தாலிக் அமிலம். இரண்டின் மூலமும் பெரும்பாலும் கச்சா எண்ணெய்.
• மீள்வரும் அலகு: கார்பன் 10, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 4.
• கண்டுபிடிப்பு: 1941. ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டு, ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சன். நிறுவனம்: மான்செஸ்டரின் காலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன்.
• முதல் பயன்: துணி இழை. பிரிட்டனில் டெரிலீன், அமெரிக்காவில் டேக்ரான். போத்தல் வந்தது 30 ஆண்டுகளுக்குப் பின்.
• பெட் போத்தல் காப்புரிமை: 1973. நத்தேனியல் வையத், டூபாண்ட் நிறுவனப் பொறியாளர். ஓவியர் ஆண்ட்ரூ வையத்தின் உடன்பிறப்பு.
• வார்ப்பு முறை: சோதனைக்குழாய் வடிவ முன்வார்ப்பு, பின் சூடேற்றி நீள இழுத்து ஊதல்.
• அடர்த்தி: கன சென்டிமீட்டருக்கு 1.38 கிராம். நீரில் மூழ்கும். இந்த ஒரு பண்பே ஆலையின் பாதி வேலை.
• உருகுநிலை: 250–260° செல்சியஸ்.

ரெசின் எண்கள்

• அறிமுகம்: 1988, அமெரிக்க நெகிழித் தொழில்துறைச் சங்கம்.
• 1 – பெட். 2 – உயர் அடர்த்தி பாலிஎத்திலீன். 3 – பிவிசி. 4 – தாழ் அடர்த்தி பாலிஎத்திலீன். 5 – பாலிப்ரொப்பிலீன். 6 – பாலிஸ்டைரீன். 7 – பிற.
• தண்ணீர், குளிர்பானம், சமையல் எண்ணெய்ப் போத்தல்: பெரும்பாலும் 1. சலவைத் திரவம், ஷாம்பு: பெரும்பாலும் 2. பாலிகார்பனேட் தண்ணீர்க் கேலன்: 7.
• எண் குறிப்பது பொருளை மட்டும். மறுசுழற்சி உறுதி எதையும் எண் தருவதில்லை.
• முக்கோண அம்புச் சின்னம்: 1970, கேரி ஆண்டர்சன், மாணவர் போட்டி. ரெசின் எண்ணைவிட 18 ஆண்டு மூத்தது.
• 2013: எண்ணைச் சூழ்ந்த அம்புகள் நீக்கம், வெறும் முக்கோணம். காரணம்: எண்ணையும் மறுசுழற்சிச் சின்னத்தையும் மக்கள் ஒன்றாகக் கொண்டது. பழைய அச்சுகளில் அம்பு இன்றும் உண்டு.

ஒரு போத்தல், பல பொருள்கள்

• உடல்: பெட்.
• மூடி: உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். இரண்டும் நீரைவிட இலேசு; மிதக்கும்.
• சுற்றுத்தாள்: பாலிப்ரொப்பிலீன், தாள், அல்லது சுருங்கும் உறை. உறை பிவிசி எனில் பெருங்கேடு.
• பிவிசி அடர்த்தி சுமார் 1.3–1.45. பெட்டுடன் சேர்ந்தே மூழ்கும், நீர்த்தொட்டியில் பிரியாது. பெட் உருகும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வெளியிடும். அது பெட் சங்கிலியை அறுக்கும், நிறம் பழுப்பேறும். ஒரு தொகுதி முழுவதும் கெட மிகச் சிறிய அளவே போதும்.
• மலேசிய மூடி விதி: இயற்கைக் கனிம நீருக்கு வண்ண மூடி, பதப்படுத்திய குடிநீருக்கு வெள்ளை மூடி. அடிப்படை: உணவு விதிமுறைகள் 1985. நீரின் மூலத்தைக் காட்டும் குறி இது. மறுசுழற்சியுடன் தொடர்பு இல்லை.

ஜொகூர்: நிர்வாகமும் சட்டமும்

• மக்கள்தொகை: 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 40 லட்சம்.
• மாவட்டங்கள் 10: ஜொகூர் பாரு, கூலாய், பொந்தியான், குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங், பத்து பகாட், மூவார், தங்காக், சிகாமாட்.
• ஊராட்சி மன்றங்கள் 16. மாநகர் மன்றங்கள் 3: ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்திரி, பாசிர் கூடாங்.
• ஆளும் சட்டம்: திடக்கழிவு, பொதுத்தூய்மை நிர்வாகச் சட்டம் 2007. சட்ட எண் 672. கூட்டரசுச் சட்டம்.
• நடைமுறை: 2011 செப்டம்பர் 1.
• ஏற்ற பகுதிகள்: ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ், கோலாலம்பூர், புத்ராஜெயா.
• ஏற்காத தீபகற்ப மாநிலங்கள் 5: சிலாங்கூர், பினாங்கு, பேராக், கிளந்தான், திரெங்கானு.
• சட்டம் 673 (2007): எஸ்டபிள்யூ கார்ப் எனப்படும் திடக்கழிவு, பொதுத்தூய்மை நிர்வாகக் கழகத்தின் தாய்ச்சட்டம். 672 சேவைக்கு, 673 அமைப்புக்கு.
• பொறுப்பு அமைச்சு: வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு.
• குப்பை அள்ளும் உரிம நிறுவனம்: எஸ்டபிள்யூஎம் என்விரோன்மென்ட். பகுதி: ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான்.
• மற்ற இரு நிறுவனங்கள்: ஆலம் ஃபுளோரா (கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங்), இ-இடாமான் (கெடா, பெர்லிஸ்).
• பிரிவு 74: கழிவைப் பிரித்துவைத்தல். பிரிவு 101: குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி. பிரிவு 102: தயாரிப்பாளர் திரும்பப்பெறும் முறை, வைப்புத்தொகைத் திருப்ப முறை. மூன்றில் அதிகம் மறக்கப்படுவது 102. போத்தலுக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுவே.
• மூலத்திலேயே பிரித்தல் கட்டாயம்: 2015 செப்டம்பர் 1. அபராத அமலாக்கம்: 2016 ஜூன் 1.
• தரைவீடுகளுக்கான உடனடி அபராதம்: முதல் முறை 50 ரிங்கிட், இரண்டாம் முறை 100, மூன்றாம் முறை 500. நீதிமன்றம் சென்றால் ஆகக்கூடுதல் 1,000 ரிங்கிட்.
• 2+1 முறை: வாரம் இருமுறை எஞ்சிய கழிவு, ஒருமுறை மறுசுழற்சிப் பொருள், தோட்டக் கழிவு, பெரிய பொருள்.
• குப்பை வீசுதல், 2026 ஜனவரி 1 முதல்: 2,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மணி நேரம் வரை சமூக சேவை ஆணை.
• மூவண்ணத் தொட்டிகள்: நீலம் – தாள், பழுப்பு – கண்ணாடி, ஆரஞ்சு – நெகிழி, உலோகம். போத்தலுக்கு ஆரஞ்சு.
• தேசிய மறுசுழற்சி நாள்: நவம்பர் 11.

போத்தல் செல்லும் வழி

• வழி 1 – முறைசார்: வீடு → வாரம் ஒருமுறை வரும் லோரி → தரம்பிரிப்பு நிலையம் → பொதி → ஆலை.
• வழி 2 – முறைசாரா: வீடு, கடை, உணவகம் → பழைய பேப்பர் லோரி அல்லது பொறுக்கி விற்போர் → பழைய சாமான் கடை → மொத்த வணிகர் → பொதி → ஆலை.
• வழி 3 – வெகுமதித் திட்டம்: கொண்டுவந்து எடைபோட்டுப் புள்ளி அல்லது பணம் பெறுதல். எடுத்துக்காட்டு: எஸ்டபிள்யூஎம் நிறுவனத்தின் கித்தாரீசைக்கிள்.
• வழி 4 – மறுசுழற்சியின் தோல்வி: எஞ்சிய கழிவு → மண்புதைவுத் தளம், அல்லது வடிகால் → ஆறு → ஜொகூர் நீரிணை.
• ஸ்கூடாய், தெப்ராவ் ஆறுகள் கலக்கும் இடம்: ஜொகூர் நீரிணை. மறுகரை சிங்கப்பூர்.
• ஜொகூர் பாரு, கூலாய் வட்டாரத்தின் முதன்மை மண்புதைவுத் தளம்: செலோங்.
• சிம்பாங் ரெங்கம்: மண்புதைவுத் தளக் கசிவுநீரால் பெனுட் ஆற்றில் அம்மோனியா, 2017–2019 காலத்தில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பலமுறை நிறுத்தம். பெட் அம்மோனியா தராது. உணவுக் கழிவே தரும். ஆனால் இரண்டும் ஒரே பையில் கட்டப்படுகின்றன. ஒன்றைப் பிரித்தால் மற்றதும் தூயதாகும்.
• எடைக் கணக்கு: 500 மி.லி. போத்தல் சுமார் 10–20 கிராம். எனவே 1 கிலோவுக்கு 50 முதல் 100 போத்தல்.
• இதன் விளைவு: நசுக்காத போத்தலில் லோரி சுமப்பது பெரும்பாலும் காற்று. மெர்சிங், சிகாமாட் போன்ற தொலைவு மாவட்டங்களில் போக்குவரத்துச் செலவே விலையைத் தின்னும்.
• எடைக்குப் பணம் தரும் முறையின் பலவீனம்: ஒரு போத்தலுக்குக் கிடைப்பது சில காசு. தெருவில் கிடக்கும் ஒற்றைப் போத்தலைக் குனிந்து எடுக்க அந்த விலை போதாது.

ஆலைப் படிநிலைகள்

• பொதி உடைத்தல் → கல், மண், உலோகம் நீக்கல்.
• தரம்பிரித்தல்: அண்மை அகச்சிவப்பு உணரி. ஒவ்வொரு நெகிழியும் ஒளியை வேறுவிதமாகத் திருப்பும். அடையாளம் கண்டதும் காற்றுப்பீச்சு போத்தலைத் தள்ளும்.
• உணரியின் குருட்டுப்புள்ளி: கார்பன் கருமை சேர்த்த கறுப்பு நெகிழி. முழு உடலையும் மூடும் உறை இருந்தால் உணரி படிப்பது உறையை; போத்தலை அல்ல.
• நிறம் பிரித்தல்: நிறமற்றது, வெளிர்நீலம், பச்சை, பிற. நிறமற்றதற்கே உயர்ந்த விலை: எந்த நிறமும் ஏற்றலாம், போத்தலாகவும் ஆகலாம்.
• கைப்பிரிப்பு: சிறு ஆலைகளில் இன்றும் முதன்மை, பெரிய ஆலைகளில் இறுதிச் சரிபார்ப்பு.
• அரைத்தல்: சுமார் 8–12 மில்லிமீட்டர் சில்லு.
• மிதப்பு–மூழ்கல் தொட்டி: பெட் அடியில், மூடித் துணுக்கு, பாலிப்ரொப்பிலீன் தாள் மேலே. மூடியை இறுக்கி அனுப்பலாம் என்பதற்கான காரணம் இதுவே. கழற்றி வீசிய மூடி தரம்பிரிக்கும் கம்பிகளின் இடைவெளியில் விழுந்து இழப்பு.
• வெந்நீர்க் காரக் கழுவல்: காஸ்டிக் சோடா, சுமார் 80–90° செல்சியஸ். நோக்கம்: பசை, எண்ணெய், மிச்ச அழுக்கு.
• அலசல், உலர்த்தல். மிக முக்கியப் படி உலர்த்தல். ஈரம் இருக்க உருக்கினால் நீராற்பகுப்பு. சங்கிலி அறுந்து வலிமை குறையும். உருக்குமுன் ஈரம் 10 லட்சத்தில் 50 பகுதிக்கும் கீழ்.
• உருக்கி வடிகட்டல் → குருணை.
• திண்மநிலைப் பல்லுறுப்பாக்கம்: சுமார் 200–220° செல்சியஸ், வெற்றிடம் அல்லது நைட்ரஜன். உருகாமலே சங்கிலி நீளும். உட்புகுந்த மாசும் ஆவியாகி வெளியேறும். உணவுத் தரப் பெட்டுக்கு வழக்கமான இறுதிப் படி.

தர அளவு

• உள்ளார்ந்த பாகுநிலை: சங்கிலி நீளத்தின் அளவீடு. போத்தலுக்கு சுமார் 0.72–0.84, இழைக்கு சுமார் 0.60–0.65.
• பொருள்: போத்தலுக்குத் தகுதியற்றது இழைக்குத் தகுதியாகும், மறுபக்கம் ஏறுவது கடினம், செலவு மிகுதி.
• போத்தல் → போத்தல்: மூடிய சுழற்சி.
• போத்தல் → இழை, கட்டுப்பட்டை, தட்டு: தரமிறங்கு சுழற்சி. இழையான பின் துணிக்கு அடுத்த சுழற்சி அரிது; பெரும்பாலும் குப்பையிலேயே முடிவு.
• 2010 உலகக் கிண்ணம்: நைக் அணிச்சட்டை ஒன்றுக்கு 8 வரையிலான பெட் போத்தல். விளம்பரத்தில் வெற்றி. சுழற்சிக் கணக்கில் ஒற்றை வழிப் பயணம்.

வேதி முறை, நொதி முறை

• கிளைக்கால் பகுப்பு, மெத்தனால் பகுப்பு, நீராற்பகுப்பு: மூன்றும் பெட்டை ஒருபடி நிலைக்கு அல்லது அதற்கு அண்மைக்கு உடைக்கும் முறைகள். நிறமுள்ள, அழுக்கான பெட்டுக்கும் பொருந்தும்.
• வெப்பப் பகுப்பு வேறு: காற்றின்றிச் சூடேற்றி எண்ணெயாக்கல். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீனுக்கு ஏற்றது. ஆக்சிஜன் கலந்த பெட்டுக்குப் பொருந்தாது.
• ஜொகூர் எடுத்துக்காட்டு: பெங்கெராங். பெட்ரோனாஸ் கெமிக்கல்ஸ் 2023-இல் அறிவித்த வேதி மறுசுழற்சி ஆலை. ஆண்டுக்கு 33,000 டன் கொள்ளளவு. தொழில்நுட்பக் கூட்டாளி பிளாஸ்டிக் எனர்ஜி. வெப்பப் பகுப்பு முறை. பெட் போத்தலுக்கான தீர்வாக இதை எழுதுவது பிழை.
• இடியோனெல்லா சக்காயென்சிஸ்: பெட்டை உண்ணும் நுண்ணுயிரி. 2016 அறிவிப்பு. இடம்: ஜப்பான், சக்காய். நொதிகள்: பெட்டேஸ், எம்ஹெட்டேஸ்.
• கார்பியோஸ், பிரான்ஸ்: 2020 நேச்சர் இதழ். மேம்படுத்திய நொதி, 10 மணி நேரத்தில் 90% உடைப்பு.

எண்கள்: மலேசியா

• வீட்டுக் கழிவுக் கூறு, 2012 தேசிய ஆய்வு: உணவு 44.5%, நெகிழி 13.2%, அணையாடை 12.1%, தாள் 8.5%. நெகிழி இரண்டாம் இடம்.
• தேசிய மறுசுழற்சி விகிதம்: 2020 – 30.67%. 2021 – 31.52%. 2022 – 33.17%. 2023 – 35.38%. 2024 – 37.9%. 2025 இலக்கு – 40%.
• எச்சரிக்கை: மேற்கண்டது எல்லாக் கழிவுக்குமான விகிதம். தாள், உலோகம் உட்பட. போத்தல் விகிதமாக மேற்கோள் காட்டத் தகாது.
• உலக வங்கி ஆய்வு, 2021: மலேசியாவில் முக்கிய நெகிழி ரெசின்களில் 2019-இல் மறுசுழற்சி ஆனது 24%. பொருள் மதிப்பில் இழப்பு 81%. ஆண்டுக்கு 110 கோடி அமெரிக்க டாலர்.
• 24%-க்கும் 81%-க்கும் நடுவே உள்ள செய்தி: மறுசுழற்சி ஆனதிலும் ஒரு பங்கு மதிப்பிறங்கியே ஆனது.
• உலக அளவு: 2015 வரை உற்பத்தியான நெகிழி 830 கோடி டன். அதுவரை கழிவானதில் மறுசுழற்சி 9%, எரிப்பு 12%, மண்புதைவிலோ இயற்கைச் சூழலிலோ குவிந்தது 79%.

இறக்குமதி

• சீனாவின் நெகிழிக் கழிவு இறக்குமதித் தடை: 2018 ஜனவரி முதல் அமல். திட்டப் பெயர்: தேசிய வாள்.
• விளைவு: மலேசியாவின் நெகிழிக் கழிவு இறக்குமதி 2018-இல் சுமார் 8.7 லட்சம் டன். சிலாங்கூர் ஜெஞ்சாரோமில் உரிமமற்ற ஆலைகள், திறந்தவெளி எரிப்பு.
• 2020 ஜனவரி அறிவிப்பு: 13 நாடுகளுக்குத் திருப்பியனுப்பியவை 150 கொள்கலன்கள், 3,737 டன். அதிகம் பெற்றது பிரான்ஸ், 43. அடுத்து பிரிட்டன், 42. அன்றைய அமைச்சர்: இயோ பீ யின்.
• பாசல் உடன்படிக்கை நெகிழித் திருத்தம்: 2019 மே ஏற்பு, 2021 ஜனவரி 1 அமல்.
• 2025 ஜூலை 1: சுங்கக் குறியீடு 3915. தரச் சான்று நிறுவனமான சிரிமின் ஒப்புதலின்றி நெகிழிக் கழிவு இறக்குமதி இல்லை. பாசலில் சேராத நாட்டிலிருந்து வரத் தடை. சேராத பெருநாடு: அமெரிக்கா.
• ஆலை ஏன் அயல்நாட்டுப் பொதியை நாடியது: உள்நாட்டுப் பொதியில் சோறு, எண்ணெய், மண். தூய பொதி கப்பலில் வந்தாலும் கட்டுப்படியானது. இறக்குமதி அடைபட்ட நிலையில் உள்நாட்டுத் தூய்மை இனித் தொழிலின் உயிர்நாடி.
• ஜொகூரில் வேரூன்றிய நெகிழி மறுசுழற்சி நிறுவனம்: ஹெங் ஹியாப். தொடக்கம் 2002. நிறுவனர் சியா கியான் ஹோ. கடலுக்குச் செல்லவிருந்த நெகிழியைத் திரட்டிப் பதப்படுத்தியதால் அறியப்பட்டது.

குறைபாடு எங்கே

• ஆலைத் தொழில்நுட்பம் கைவசம். தொட்டி உண்டு, லோரி உண்டு, அபராதச் சட்டமும் உண்டு. பற்றாக்குறை ஒன்றில்: தூய, பிரிந்த, நிறமற்ற போத்தல் தொடர்ந்து வருவதில்.
• 2+1 முறையின் இடைவெளி: தரைவீட்டுக்கு வகுத்தது. அடுக்குமாடியில் பொதுக் குப்பையறை, யார் கட்டிய பை என்று காட்ட வழியில்லை, அபராதம் பயனற்றது.
• ஜொகூர் பாருவின் வளர்ச்சி பெரும்பாலும் அடுக்குமாடியில்.
• வெளியிட நுகர்வு: பேருந்து நிலையம், எல்லைச் சோதனைச் சாவடி, கடைத்தொகுதி, விழா. வீட்டுப் பிரிப்புச் சட்டத்தின் கண்ணுக்கு எட்டாதவை.
• தைப்பூசம்: ஜொகூரில் பொது விடுமுறை. தண்ணீர்ப் பந்தலில் சிறுபோத்தல் வழங்கல் பரவலான வழக்கம். பெருங்கலம், சில்வர் டம்ளர்: பந்தலின் பழைய முறை, கழிவு சுழியம். போத்தல் தவிர்க்க இயலாத இடத்தில் பந்தலுக்கு ஒரு திரட்டுப் பை. ஒரே நாளில், ஒரே வகைப் பெட், உணவு கலவாமல். ஆலை விரும்பும் மிகச் சிறந்த பொதி.

வைப்புத்தொகை முறை

• வரையறை: விலையோடு சிறுதொகை வசூல், வெற்றுப் போத்தலைத் திருப்பினால் முழுத்தொகையும் மீட்பு. போத்தலை எறிந்தவர் இழப்பார், எடுத்தவர் பெறுவார்.
• எடை முறையோடு ஒப்பீடு: எடை முறையில் போத்தலின் மதிப்பு எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். வைப்பு முறையில் மதிப்பு நிலையானது.
• திரட்டும் பண்பு: பானப் போத்தல் மட்டும், உணவு கலப்பின்றி. மூடிய சுழற்சிக்குத் தேவையான தூய்மை தானாகவே கிட்டும்.
• ஓரிகன், அமெரிக்கா: 1971, நாட்டின் முதல் போத்தல் சட்டம். வைப்பு 5 சென்ட்; 2017-இல் 10 சென்ட். உயர்வின் காரணம் சட்டத்திலேயே: திருப்பு விகிதம் தொடர்ந்து இரண்டு ஆண்டு 80%-க்குக் கீழ் இறங்கினால் தொகை தானாக உயரும். பணவீக்கம் வைப்பைத் தின்னாமல் தடுக்கும் நல்ல விதி. மலேசியா எழுதும் எந்த ஆணையிலும் இருக்க வேண்டியது.
• ஜெர்மனி: 2003 ஜனவரி 1. ஒருமுறைப் போத்தலுக்கு 25 யூரோ சென்ட்.
• நார்வே: இன்ஃபினிட்டம், 1999. திருப்பு விகிதம் உயர உயரத் தயாரிப்பாளரின் சுற்றுச்சூழல் வரி குறையும். 95% எட்டினால் சுழியம். நிறுவனத்தின் இலாபமே போத்தலைத் தேட வைக்கும் ஏற்பாடு.
• லித்துவேனியா: 2016 தொடக்கம், 10 யூரோ சென்ட். முன்பு பெட் திரட்டல் சுமார் 34%. 2017 முடிவில் சுமார் 92%. வேகத்துக்கு முதல் எடுத்துக்காட்டு. மக்கள்தொகை சுமார் 30 லட்சம், ஜொகூரைவிடச் சிறியது.
• சிங்கப்பூர்: வளநிலைத்தன்மைச் சட்டம் 2019; வைப்புமுறைக்கான திருத்தம் 2023. பானக் கலன் திருப்பித்தரும் திட்டம்: 10 காசு, 150 மி.லி. முதல் 3 லிட்டர் வரை. நெகிழி, உலோகக் கலன். தொடக்கமாக முதலில் குறித்த நாள் 2025 ஏப்ரல் 1; பின்னர் 2026 ஏப்ரல் 1. இலக்கு: மூன்றாம் ஆண்டுக்குள் 80%.
• சிங்கப்பூரின் அவசரம்: ஒரே மண்புதைவுத் தளம் செமாக்காவ், 1999; நிரம்பும் ஆண்டு எனக் கணித்தது 2035.
• எல்லைப் பொருத்தம்: வைப்புக்குறி இல்லாத ஜொகூர்ப் போத்தலுக்குச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் பணம் இல்லை. சிங்கப்பூரில் வாங்கி ஜொகூர் பாருவில் குடித்தெறிந்த போத்தலுக்கு இங்கே பெறுமிடம் இல்லை. 1924-இல் திறந்த தரைப்பாலத்தின் இரு முனையிலும் ஒரே போத்தல், இரு விலை.
• தமிழ்நாடு: நீலகிரி, 2022 மே. டாஸ்மாக் என்னும் அரசு மதுக்கடைப் புட்டிக்கு 10 ரூபாய் வைப்பு. தூண்டுகோல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. காரணம் காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிப்பது. பொருள் கண்ணாடி, பெட் அல்ல; ஆனால் மலைக்காட்டிலும் வைப்புமுறை நடத்தலாம் என்பதற்குச் சான்று.

வடிவமைப்பு மாற்றம்

• நிறம் நீக்கல்: தென்கொரியா, 2019 டிசம்பர் 25. பானங்களுக்கு வண்ணப் பெட், பிவிசி பொதி தடை. ஸ்பிரைட்: வட அமெரிக்காவில் 2022 ஆகஸ்ட் 1 முதல் பச்சைக்குப் பதில் நிறமற்றது.
• ஜப்பான்: பானப் போத்தல் நிறமற்றது, தொழில்துறை தானே வகுத்த வழிகாட்டி. கிழிக்கக் கோடிட்ட உறை. பெட் மறுசுழற்சி விகிதம் 80%-க்கு மேல்.
• இணைந்த மூடி: ஐரோப்பிய ஒன்றியம், 2024 ஜூலை 3 முதல் கட்டாயம், 3 லிட்டர் வரை.
• ஐரோப்பிய வழிகாட்டுச் சட்டம் 2019/904: பெட் போத்தலில் மறுசுழற்சிப் பொருள் 2025-இல் 25%, எல்லா நெகிழிப் பானப் போத்தலிலும் 2030-இல் 30%. தனித்திரட்டல் 2025-இல் 77%, 2029-இல் 90%. நான்கு எண்ணும் ஒன்றோடொன்று குழப்பப்படுபவை.
• இந்தியா: உற்பத்தியாளர் பொறுப்பு விதி, 2022 பிப்ரவரி 16. கெட்டி நெகிழிப் பொதியில் மறுசுழற்சிப் பொருள் 2025–26-இல் 30%, 2028–29-இல் 60%.

அடுக்குமாடிக்கான மாதிரி

• தென்கொரியா, 2020 டிசம்பர் 25: அடுக்குமாடியில் நிறமற்ற பெட் போத்தலுக்குத் தனிக் கூடை கட்டாயம். உறை கிழித்து, நசுக்கி, மூடி இறுக்கி.
• ஜொகூர் அடுக்குமாடிக்கு நேரே பொருந்துவது. கூட்டு நிர்வாகக் குழு ஏற்கெனவே உண்டு. தேவை ஒரு கூடையும் ஒரு விற்பனை ஒப்பந்தமும்.

உற்பத்தியாளர் பொறுப்பு

• வரையறை: பொதியைச் சந்தைக்கு அனுப்பிய நிறுவனமே அதன் முடிவுக்கும் செலவேற்றல்.
• மலேசிய நெகிழி நிலைத்தன்மை வழித்தடம் 2021–2030: 2030-க்குள் பொதி 100% மறுசுழற்சிக்குத் தக்கது, மறுசுழற்சிப் பொருள் சராசரி 15%. தன்னார்வக் கட்டத்தின் பின் கட்டாயக் கட்டம் 2026 முதல் எனத் திட்டம்.
• இதற்கு முந்தையது: ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழி ஒழிப்பு வழித்தடம் 2018–2030. இரண்டும் வெவ்வேறு ஆவணம்.
• மலேசிய மறுசுழற்சிக் கூட்டணி, மாரியா: 2021. தொடக்க உறுப்பு நிறுவனங்கள் 10; கோகா கோலா, ஃபிரேசர் அண்ட் நீவ், ஸ்பிரிட்சர், எட்டிக்கா, நெஸ்லே, யுனிலீவர் உட்பட. தன்னார்வ அமைப்பு. தன்னார்வத்தின் குறை: சேராத நிறுவனம் செலவின்றி அதே சந்தையில் விற்கும்.
• திடக்கழிவுச் சுழற்சிப் பொருளாதார வரைவு 2025–2035: வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு.

பிரிவு 102

• அதிகாரம்: அமைச்சருக்கு. குறித்த பொருளின் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விற்பனையாளரைத் திரும்பப்பெறுமாறு பணித்தல். வைப்புத்தொகை முறை ஏற்படுத்தல்.
• சட்டப் புத்தகத்தில் ஏறிய ஆண்டு: 2007. சிங்கப்பூர்த் திருத்தத்துக்கு 16 ஆண்டு முன்.
• ஜொகூருக்குப் பொருந்துமா: ஆம், சட்டம் 672-ஐ ஏற்ற மாநிலம். தனி மாநிலச் சட்டம் தேவையில்லை.
• பினாங்கு, சிலாங்கூருக்கு: 672-இன் வழியே பொருந்தாது. இதனால் நாடு முழுவதற்குமான வைப்புமுறைக்குக் கூடுதல் சட்ட ஏற்பாடு தேவை. ஏற்ற மாநிலங்களில் மட்டும் தொடங்கினால், மூவார், தங்காக்கில் விற்கும் போத்தலுக்கும் சிலாங்கூரில் விற்கும் போத்தலுக்கும் வெவ்வேறு பட்டைக்குறி கட்டாயம்.